கீழ் வலது மூலை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் சுகம்தானே? அவளுடைய முழங்கால் வலி இறங்கியதா? இங்கே அத்தானின் ரத்த அழுத்தம் மூன்று வாரமாக ஒரே அளவில் நிற்கிறது. நான் வழக்கம்போல இருக்கிறேன்.

அத்தானுக்காக நான் வரைந்த படங்களை நீ அச்சடித்து அனுப்பிய அட்டைக் கட்டு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அறுபது அட்டை, ஒன்றுகூட மடங்கவில்லை. விரலில் குத்தாதபடி மூலைகளை வளைவாக வெட்டியிருந்தாய். அதை நான் சொல்லவே இல்லை, நீயாக யோசித்திருக்கிறாய். ஒவ்வொரு அட்டையிலும் கீழ் வலது மூலையில் என் முதலெழுத்தும் தேதியும் தாள் எண்ணும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அப்படியே விழுந்திருந்தன. பாலமும் கட்டடமும் வரைகிற ஆபீஸ் பழக்கம் வீட்டுக்கு வந்தாலும் விடவில்லை என்று சிரித்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது. தப்பு என்னுடையது. முதலில் 'தண்ணீர்' அட்டையை அவர் முன்னால் வைத்தேன். இடது கையால் தள்ளிவிட்டார். 'சாப்பாடு' வைத்தேன். அதையும் தள்ளினார். 'சீப்பு' வைத்ததும் மொத்தக் கட்டையும் தரையில் தட்டிவிட்டார். பக்கவாதம் வந்து பேச்சு நின்ற இந்த எட்டு மாதத்தில் அவர் இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை. எனக்குத்தான் புரியவில்லை. அட்டைகளைப் பொறுக்கி அடுக்கும்போதுதான் பார்த்தேன். எல்லாப் படத்திலும் அவர் வலது கையால் காரியம் செய்கிறார். டம்ளரைத் தூக்குகிறார், தலை வாருகிறார், கதவைத் திறக்கிறார். விழுந்துபோனது அந்தக் கைதான். இருபத்திரண்டு வருஷம் பார்த்துப் பழகிய கையை என் பேனா தானாகவே வரைந்துவிட்டது.

அறுபதையும் இடது கைக்கு மாற்றி மறுபடி வரைகிறேன். கணினியில் திருப்பிப் போட்டால் போதாதா என்று கேட்பாய். திருப்பினால் கடிகாரமும் திரும்பும், சட்டைப் பொத்தானும் பக்கம் மாறும். அவர் கண்ணுக்கு அது தப்பாது. தவிர, இடது கையால் டம்ளரைத் தூக்குகிறவர் தோளைச் சாய்க்கிற விதமே வேறு. புது அட்டைகளைத் தெருமுனைக் கடையில் நகல் எடுத்துக்கொள்கிறேன். நீ மறுபடி சிரமப்பட வேண்டாம்.

அசல் தாள்களைப் பத்திரமாக வை. ஆபீஸில் கழித்த வரைபடங்களின் பின்பக்கத்தில் வரைந்தவை. குப்பை என்று யாராவது தூக்கிப் போட்டுவிடப் போகிறார்கள்.

போனில் கூப்பிடாதே. மணி அடித்தால் எடுக்கக் கை நீட்டுகிறார். பிறகு பேச முடியாது என்பது நினைவுக்கு வந்து முகம் மாறிப்போகிறது. அதனால் அணைத்தே வைத்திருக்கிறேன். கடிதம் என்றால் நான் வாசிக்க, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். உன் கோழிக் கிறுக்கலை வாசிப்பதற்குள் என் கண்தான் வலிக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இவளுடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. அத்தான் நடை பழகுகிறாரா? எத்தனை அடி என்று எழுது.

அவர் கட்டைத் தட்டிவிட்டார் என்று படித்து முதலில் சிரித்துவிட்டேன். அடுத்த வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நீ வரைந்ததை அறுபது தடவை உற்றுப் பார்த்தவன் நான். எனக்கும் அந்தக் கை உறைக்கவில்லை பார்.

அச்சடித்ததில் மிஞ்சிய உதிரித் தாள்கள் இரண்டு நாள் அச்சகத்தில் என் மேசையில் கிடந்தன. வருகிறவர் போகிறவர் எல்லாரும் எடுத்துப் பார்த்தார்கள். "யாருய்யா வரைஞ்சது? கோடு கத்தி மாதிரி இருக்கு" என்றார் இயந்திரம் ஓட்டுகிறவர். "எங்க அக்கா" என்றேன். "உன் அக்காவா? உனக்கு ஸ்கேல் வச்சாக்கூட நேரா வராதே!" என்றார்.

நல்ல சேதி ஒன்று. அச்சுக்கான பிளேட் தயாரிக்கும் பிரிவுக்கு என்னையே பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள். கண்ணாடித் தடுப்பு போட்ட தனி அறை. "மீன் தொட்டிக்குள்ள குடித்தனம் போயிட்டீங்க" என்கிறாள் இவள்.

அசல் தாள்கள் அட்டை உருளைக்குள் சுருட்டி, எங்கள் வீட்டு அலமாரி மேல் இருக்கின்றன. கவலைப்படாதே.

அத்தானுக்கு என் வணக்கம்.
தம்பி


ஜூன் 21

அன்புள்ள தம்பிக்கு,

நான்கு மாதமாக எழுத முடியவில்லை. அத்தான் இப்போது சுவரைப் பிடிக்காமல் பதினான்கு அடி நடக்கிறார். இடது கை அட்டைகளை அவரே எடுத்து வைத்துக் கேட்கிறார். நேற்று 'சட்டை' எடுத்தார், அப்புறம் 'வேண்டாம்' எடுத்தார். பச்சைச் சட்டை பிடிக்கவில்லையாம். கல்யாணமான நாளிலிருந்து பிடிக்காத சட்டை அது. இப்போதுதான் சொல்ல வாய்த்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா அந்த அட்டைகளைப் பார்த்துவிட்டு, "இதை மத்தவங்களுக்கும் தரலாமா?" என்று கேட்டார். தாராளமாக என்றேன். மே மாதத்திலிருந்து பதினோரு வீடுகளில் என் நகல் அட்டைகள் புழங்குகின்றன.

போன திங்கட்கிழமை அந்த அம்மா ஒரு பெட்டியை என் முன்னால் வைத்தார். "இது கடையிலே வாங்கினது. உங்களுது மாதிரியே இருக்கேன்னு பார்த்தேன்" என்றார். மாதிரி இல்லை, என்னுடையதே. நான் முதலில் வரைந்த வலது கை அறுபதும் வண்ணம் ஏற்றிப் பளபளவென்று இருக்கின்றன. 'தண்ணீர்' அட்டையில் அத்தானின் மணிக்கட்டு எலும்பு. 'சட்டை' அட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. நான் வரைந்த அன்று அந்தப் பொத்தான் அறுந்திருந்தது. பெட்டியின் மேல் 'ஆக்கம்: பதிப்பகத்தின் படைப்புக் குழு' என்றும், 'அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே' என்றும் போட்டிருக்கிறது. கீழ் வலது மூலை அறுபதிலும் வெள்ளையாக இருக்கிறது.

அச்சிட்ட இடத்தின் பெயர் பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது. உங்கள் அச்சகம்.

தம்பி, அசல் தாள்கள் அலமாரி மேல் இருக்கின்றனவா? அதை மட்டும் எழுது.

அவளுக்கு என் விசாரிப்பு.
அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் பதினான்கு அடி நடந்தது எங்களுக்கும் நிம்மதி. இங்கே வெயில் தாங்கவில்லை. அச்சகத்தில் மின்விசிறி இரண்டு கெட்டுவிட்டது. இவளுக்கு முழங்காலில் ஊசி போட்டிருக்கிறார்கள். நடக்கிறாள், ஆனால் என்மேல் சாய்ந்துகொண்டு.

பெட்டி விஷயம். எங்களிடம் மாதம் நாற்பது வேலை வருகிறது அக்கா. எது எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்கிறார்கள்? அந்தப் பதிப்பகம் எங்கள் முதலாளிக்கு மிகவும் வேண்டிய வாடிக்கையாளர். பெரிய ஆட்கள். நீ படத்தை எங்கும் பதிவு செய்யவில்லையே? பதிவில்லாமல் உரிமை என்று எப்படிக் கேட்பாய்? விட்டுவிடு. நாலு நோயாளிக்கு உதவுகிறது என்றால் அதுவும் நல்லதுதானே.

புதிய இயந்திரம் ஒன்று வரப் போகிறது. நான்கு வண்ணம், ஒரே ஓட்டம். வந்ததும் எழுதுகிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.
தம்பி


ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

ஊசி போட்ட இடத்தில் ஐஸ் வைக்கச் சொல். இங்கே அத்தானுக்கு இரண்டு நாள் சளி, இப்போது தேவலை.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்தேன். வெயில், மின்விசிறி, முழங்கால், புது இயந்திரம் எல்லாம் இருக்கிறது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. பரவாயில்லை. பதிவு பற்றி நீ கேட்டதற்கு நான் பதில் எழுதுகிறேன். எனக்கும் சரியாகத் தெரியாததால் ஒரு வக்கீலம்மாவிடம் போய்க் கேட்டேன். என்னைவிடச் சின்னவர், வாய் மட்டும் பெரிது.

"எப்போ வரைஞ்சீங்க?"

"போன நவம்பர், டிசம்பர்லே."

"அப்பவே உரிமை உங்களுக்கு வந்தாச்சு."

"நான் எங்கேயும் பதிவு பண்ணலையேம்மா."

"குழந்தை பிறந்தாச்சு. சான்றிதழ் வாங்கினாத்தான் அது உங்க குழந்தையா? சான்றிதழ் இருந்தா நாளைக்கு வழக்கு வந்தா சுலபம். அவ்வளவுதான் பதிவுக்கு வேலை."

பேச முடியாதவர்களுக்குப் படம் காட்டலாம் என்கிற யோசனையும் எனக்குச் சொந்தமா என்று கேட்டேன். அதற்குச் சிரித்தார். "அது யாருக்கும் சொந்தமில்லை. நாளைக்கு நான்கூட அறுபது அட்டை வரையலாம். என் டம்ளர் பூசணிக்காய் மாதிரி வரும், ஆனா அது என் டம்ளர். உங்க கோட்டை எடுத்து வண்ணம் பூசித் தன்னோடதுன்னு சொல்லக்கூடாது. அதுதான் தப்பு."

இன்னொன்றும் சொன்னார். படம் வரைந்த தாளை ஒருவரிடம் கொடுத்தால் உரிமையைக் கொடுத்ததாக ஆகாதாம். இன்னாருக்கு, இன்ன காரியத்துக்கு, இத்தனை காலத்துக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உரிமை கை மாறும். "யாருக்காவது அப்படி எழுதிக் கொடுத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். "உங்க வீட்டு ஆளுங்க யாராவது வாய்ப்பேச்சுலே கொடுத்திருப்பாங்களா?" என்றார். வரைந்தது ஆபீஸ் தாளில் என்று பேச்சை மாற்றினேன்.

ஆபீஸ் தாளில் வரைந்ததால் ஆபீஸுக்கு உரிமை உண்டா என்றும் பார்க்க வேண்டுமாம். சம்பளத்துக்குச் செய்கிற வேலை பெரும்பாலும் முதலாளியுடையதாம். எங்கள் பொறியாளரிடம் பயந்துகொண்டே கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பாலம் வரையத்தானே உனக்குச் சம்பளம்? டம்ளர் வரைய இல்லையே. தாள் எங்களுது, அதுவும் குப்பைக்குப் போகிற தாள். கோடு உன்னுது" என்று அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பதிப்பகத்துக்கு அறிவிப்பு போய்விட்டது. நான் தெம்பாக இருக்கிறேன். அசல் தாள்களை அனுப்பு.

அக்கா


ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன்னிடமிருந்து நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. தபால்காரரிடம் விசாரித்தேன். தவறிப்போனதாகத் தெரியவில்லை.

பதிப்பகத்தின் பதில் வந்தது. நகல் எடுத்தவள் நான்தானாம். அவர்கள் பெட்டி ஏப்ரலில் வெளிவந்ததாம். என் அட்டைகள் மே மாதத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தனவாம். ஆகவே அவர்கள் படத்தைப் பார்த்து, கையை மட்டும் மாற்றி நான் வரைந்துவிட்டேனாம். நீ ஜனவரியில் அச்சடித்து அனுப்பிய கட்டைக் காட்டினோம். அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். 'அம்மையாரின் தம்பி அதே அச்சகத்தில் பணிபுரிகிறார். பழைய தேதியுடன் ஒரு கட்டு அச்சடித்துக்கொள்ள அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?' இதை வாசிக்கும்போது அத்தான் கண்ணைத் திறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சி அம்மா பதினோரு வீட்டிலிருந்தும் அட்டைகளைத் திரும்ப வாங்க வேண்டியதாகிவிட்டது. "ஒரு வீட்டுல கொடுக்க மாட்டேன்னு அந்தப் பெரியவர் தலையணைக்கு அடியிலே வச்சுப் படுத்துக்கிட்டார். நான் பார்க்காத மாதிரி வந்துட்டேன்" என்றார்.

மை உலர்ந்த அசல் தாள் ஒன்றே போதும் என்கிறார் வக்கீலம்மா. பின்பக்கத்தில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் இருக்கின்றன. முன்பக்கத்தில் என் மூலை இருக்கிறது. அதை யாரும் புதிதாக அச்சடிக்க முடியாது. பதிப்பகத்தார் கெடு வைத்திருக்கிறார்கள், செப்டம்பர் இருபதுக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அத்தானுக்காக நான் வரைந்ததை நானே திருடியதாக ஆகும்.

கேள்வியை நான் மாற்றிக் கேட்கப் போவதில்லை. உருளை அலமாரி மேல் இருக்கிறதா?

அக்கா


செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். அண்ணன் உடம்பு எப்படி இருக்கிறது? நான் உங்களுக்குக் கடிதம் எழுதி வருஷக்கணக்காகிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அந்த உருளை இருக்கிறது. பத்து நாளாக அவர் அதை இறக்குகிறார், பிரிக்காமல் துடைக்கிறார், மறுபடி மேலே வைக்கிறார். "அலமாரியைத் துடைக்கிறீங்களா, உருளையைத் துடைக்கிறீங்களா?" என்று கேட்டேன். "தூசி" என்றார். நேற்று நாற்காலி போட்டு நானே இறக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டேன், இந்த முழங்காலோடு. "இது இங்கேயே இருக்கட்டும். இதைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுங்க" என்றேன். சாப்பிடவில்லை.

அவர் கெட்டவர் இல்லை அண்ணி. அது உங்களுக்கு என்னைவிடத் தெரியும்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
தம்பி மனைவி


செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உருளையை இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ரசீது இதோடு இருக்கிறது. அறுபது தாளும் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். கையெழுத்திட்ட வாக்குமூலம் ஒன்றும் உள்ளே வைத்திருக்கிறேன். அதில் உள்ளதை உனக்கும் எழுத வேண்டும். வக்கீலம்மா வாயிலிருந்து நீ கேட்கக் கூடாது.

ஜனவரி கடைசியில் அந்தப் பதிப்பகத்துக்காரர் வேறொரு புத்தகத்துக்குப் பிழை பார்க்க வந்தார். என் மேசையில் கிடந்த உதிரித் தாளை எடுத்தார்.

"யாருது?"

"எங்க அக்கா வீட்டுல சும்மா வரைஞ்சது சார்."

"பதிவு கிதிவு ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை சார். நீங்க வேணும்னா எடுத்துக்குங்க."

அந்த உதிரித் தாள்களைக் கட்டாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவ்வளவுதான் அக்கா. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நீ மூன்று வாரம் வரைந்ததை நான் 'சும்மா' என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். பதிவில்லாத படம் கேட்பாரற்றது என்றுதான் நிஜமாகவே நினைத்தேன். இருபது வருஷமாக அச்சகத்தில் இருக்கிறேன், இது தெரியவில்லை. நான்கு நாள் கழித்து என்னைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் சம்பந்தம் உண்டா என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

ஆனால் இன்னொன்று தெரியும். மார்ச்சில் படங்கள் பிளேட்டுக்கு வந்தபோது, "மூலையில ஏதோ கட்டம் இருக்கு, எடுத்துடுங்க" என்று குறிப்பு வந்தது. அந்த வேலையைக் கீழே இருக்கிறவர்களிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் கண்ணாடி அறையில் உட்கார்ந்து நானே எடுத்தேன். திரையில் பெரிதாக்கி, உன் முதலெழுத்து, தேதி, எண் என்று ஒவ்வொன்றாக அழித்தேன். அறுபது மூலை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்பாரற்றது என்றால் நான் ஏன் ஒளித்துச் செய்ய வேண்டும்?

தபாலில் போடுவதற்கு முன் முதலாளியிடம் சொன்னேன். "உனக்கு இங்கே வேலை பார்க்க ஆசை இல்லையா?" என்றார். "இருக்கு சார். அதனாலதான் போஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே சொல்றேன்" என்றேன்.

அத்தானுக்கு இந்தக் கடிதத்தை வாசிப்பாயோ மாட்டாயோ, உன் இஷ்டம். அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு இன்னும் உரிமை இருந்தால் எழுது.

தம்பி


அக்டோபர் 14

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் நலம். நாற்பது அடி நடக்கிறார். உனக்கு அந்த உரிமை இருக்கிறது. அதை யாரும் வாங்கிக்கொள்ள முடியாது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உருளை செப்டம்பர் பதினான்காம் தேதி வந்தது. பதினேழாம் தேதி வக்கீலம்மா அறையில் பதிப்பகத்துக்காரரே தன் வக்கீலோடு நேரில் வந்து உட்கார்ந்தார். வக்கீலம்மா ஒரு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் பாலத்தின் தூண், முத்திரை, தேதி. மறுபக்கம் டம்ளர், மணிக்கட்டு, என் மூலை. அந்த மனிதர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதிவு இல்லேன்னு இவங்க தம்பிதானே சார் சொன்னார்?" என்று தன் வக்கீலைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி சொன்னா தம்பி சொத்து ஆயிடுமா? உங்க தம்பி சொன்னா உங்க பதிப்பகத்தை எனக்கு எழுதிக் கொடுப்பீங்களா?" என்றார் எங்கள் வக்கீலம்மா.

பிறகு பேச்சு சுமுகமாகத்தான் போனது. மொத்தமாக உரிமையை வாங்கிக்கொள்கிறேன் என்றார். முடியாது என்றேன். கடையிலிருந்து எல்லாப் பெட்டியையும் திரும்ப எடுத்துவிடுகிறேன் என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். வக்கீலம்மாவே என்னைத் திரும்பிப் பார்த்தார். "பின்னே என்னதாம்மா வேணும் உங்களுக்கு?" என்று பதிப்பகத்துக்காரர் கேட்க, எழுதி வைத்திருந்ததை எடுத்து வாசித்தேன்.

அச்சிட மூன்று வருஷத்துக்கு அனுமதி தருகிறேன், விற்பதில் எனக்கு ஒரு பங்கு. இரண்டு கட்டு போட வேண்டும்: வலது கை அறுபது, இடது கை அறுபது. தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வலது கை நன்றாகத்தான் இருக்கிறது, அவர்களுக்கு அந்தப் பழைய கட்டே பொருந்தும். ஆஸ்பத்திரிகள் நோயாளிகளுக்கு இலவசமாக நகல் எடுத்துக் கொடுக்கலாம், யாரும் தடுக்கக் கூடாது. நான் நகல் எடுக்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு அவர்கள் கைப்பட எழுத வேண்டும். ஒவ்வொரு அட்டையிலும் கீழ் வலது மூலை இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டார். பதினோரு வீட்டுக்கும் அட்டைகள் திரும்பப் போய்விட்டன. தலையணைப் பெரியவரிடம் இப்போது இரண்டு கட்டு இருக்கிறதாம்.

இனி உன் விஷயம். உன்மேல் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன், இருக்கிறது. அறுபது மூலை என்று படித்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் எல்லாவற்றையும் கழுவினேன், கழுவியதையும் சேர்த்து. நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், தம்பி. ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நாலு பேருக்கு உதவட்டும் என்று நீ எழுதினாயே, அதைச் சொல்ல வேண்டியவள் நான். ஒன்றைக் கொடுப்பதற்கும் அது முதலில் என்னுடையதாக இருக்க வேண்டும் அல்லவா?

உன் வேலை என்ன ஆயிற்று? மறைக்காமல் எழுது.

அவளிடம் சொல், நாற்காலி ஏறியதற்கு என் நன்றி. இனி ஏற வேண்டாம்.
அக்கா


நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். மறைக்காமல் எழுதுகிறேன்: மீன் தொட்டியிலிருந்து வெளியே போட்டுவிட்டார்கள். பொறுப்பாளர் வேறொருவர். நான் பழைய மேசைக்கு, ஜன்னல் பக்கம் வந்துவிட்டேன். வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஏன் என்று முதலாளியே சொன்னார்: "அந்தப் பெட்டியை மறுபடி போடணும், நூற்றிருபது அட்டை. உங்க அக்கா கோடு உனக்குத்தான் பழக்கம்." காற்று நன்றாக வருகிறது. இவளுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

பிளேட் வேலை நான்தான் செய்கிறேன். அசல் தாள்களின் புதிய ஸ்கேனிலிருந்து எடுத்தேன். மூலை அப்படியே இருக்கிறது. பதிப்பகத்து ஓவியர் வந்து, "இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாமே, கண்ணை உறுத்துது" என்றார். "உறுத்தட்டும் சார், ஒப்பந்தத்துல இருக்கு" என்றேன். பக்கத்தில் இருந்த இயந்திரக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

மாதிரி அச்சு இதோடு வருகிறது. சரியாக இருந்தால் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் கையெழுத்து வராமல் இயந்திரம் ஓடாது.

டிசம்பரில் நான்கு நாள் விடுப்பு கிடைக்கும். வரலாமா? வாய்ப்பேச்சில் கேட்டது போதும். எழுதிக் கேட்கிறேன்.

அத்தானுக்கு வணக்கம்.
தம்பி


நவம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். மாதிரி அச்சை மூன்று நாள் பார்த்தேன். நூற்றுப் பத்தொன்பதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இடது கை 'சட்டை' அட்டையில் மூன்றாவது பொத்தானை யாரோ நல்லெண்ணத்தில் சேர்த்துவிட்டார்கள். அதை எடுக்கச் சொல். அது அறுந்த சட்டை.

மேசையில் பரப்பியிருந்தபோது அத்தான் வந்து உட்கார்ந்தார். வலது கை 'தண்ணீர்' மேலாக இருந்தது. மறைக்கலாம் என்று கை நீட்டுவதற்குள் அவரே அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தள்ளவில்லை. அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கை விரலைக் கீழே கொண்டுபோய் என் மூலையின் மேல் வைத்தார். என்னைப் பார்த்தார். வைத்த விரலை எடுக்க மாட்டேன் என்கிறார்.

அப்புறம் உன் கடிதத்தை வாசித்தேன். முதலிலிருந்து எல்லாக் கடிதமும் வாசித்திருக்கிறேன், உன் செப்டம்பர் கடிதம் உள்பட. வரலாமா என்று நீ கேட்டிருந்த வரியைக் கண்ணை மூடாமல் கேட்டார். தன் கட்டை எடுத்துத் தேடி மூன்று அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். நீ எழுதிக் கேட்டாய் அல்லவா, பதிலையும் எழுத்தில் தருகிறேன். அவர் வைத்த வரிசையை நான் மாற்றவில்லை:

'வா'. 'கோபம்'. 'சாப்பாடு'.

இரண்டாவதற்குத் தயாராக வா. அவளையும் அழைத்து வா. படி ஏற வேண்டாம், கீழ் அறையை ஒழித்து வைக்கிறேன்.

அக்கா